கத்தோலிக்கப் பங்குக் குழுவோட ஒருநாள் தியானத்துக்குப் போறதெண்டா

ஞாயிறு பூசை முடிய அறிவித்தல் வாசிக்கேக்க எழும்பி ஓடாதேங்கோ, தியானத்துக்குப் பேர் குடுக்கிறதை அப்பதான் சொல்லுவினம், பிறகு மரியாயின் சேனை எண்ட செபக் குழு அக்காமாரிட்டயோ ஃபாதரிட்டயோ சொன்னாச் சரி, குழுவில இல்லாட்டியும் பெரும்பாலும் சேர்ப்பினம். வான் காசை முதலே குடுங்கோ. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமப் பக்கம் போறதெண்டா, 1928ல தொடங்கின செபமாலைத் தாசர் எண்ட துறவிகள் சபையின்ர இடம் அது, அங்க மௌனம்தான் முக்கியம், ஃபோனை வீட்டில விட்டா நல்லம் (நான் சைலண்டில போட்டும் கதிரையில கிர்ரெண்டு அதிர்ந்து முழுச்சனமும் திரும்பிப் பாத்தது). பைபிள், செபமாலை, தண்ணிப் போத்தல். மத்தியானச் சாப்பாடு தருவினமோ பாசல் கட்டோணுமோ எண்டும் கேளுங்கோ. பாவசங்கீர்த்தனத்துக்கு (ஃபாதரிட்டப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது) பின்னேரம் நீட்டு லைன் நிக்கும், காலமையே செய்திடுங்கோ. ஆச்சிரமத்தில விக்கிற நெல்லிரசம் வாங்கவும் கொஞ்சக் காசு வச்சிருங்கோ.