நாய்க்கடியும் எதிர்ப்புச் சக்தியும்: எங்கே தவறிவிடுகிறோம்?

"சின்னக் கீறல்தானே, நமக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது." நாய் கடித்த பிறகு யாராவது இப்படிச் சொன்னால் எனக்குப் பதறும். முதல் தவறு இதுதான்.

எதிர்ப்புச் சக்தி இருப்பது உண்மை. வைரஸ் நுழைந்ததும் செல்லுக்குள் இருக்கும் ரிக்-ஐ என்ற புரதம் அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடித்துவிடும். உடனே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். பல வைரஸ்கள் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும். நாய்க்கடியால் பரவும் ரேபிஸ் வைரஸ் அப்படியில்லை. அதனிடம் உள்ள 'பி' புரதம் இன்டர்ஃபெரான் சுரப்பதையே அமுக்குகிறது. தப்பிச் சுரந்தாலும், அந்தச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-1 புரதத்தை வழியிலேயே மடக்கிவிடுகிறது. அப்புறம் வைரஸ் நரம்புக்குள் ஏறிக்கொண்டால், ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பணுக்களின் பார்வையில் அநேகமாகப் படுவதே இல்லை. மூளையை எட்டி, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால் பிழைப்பவர்கள் மிக மிக அரிது.

ஆகவே நமக்கு இருக்கும் வாய்ப்பு, அது நரம்பில் ஏறுவதற்கு முந்தைய நேரம்தான். அந்த நேரத்தைத்தான் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு என்று அப்பி வீணாக்குகிறோம். குழாயடியில் காலை நீட்டி, சோப்பு நுரை காயத்துக்குள் இறங்கும்படி 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தடுப்பூசி போட்டாச்சு, போதும்" என்பது அடுத்த தவறு. தடுப்பூசியைப் பார்த்து உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க ஒன்று, இரண்டு வாரம் ஆகும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால், அந்த இடைவெளிக்குத் தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். அது வலிக்கும் என்று தட்டிக் கழிக்காதீர்கள். தோலில் போடும் முறையில் தடுப்பூசி நாட்கள் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28. காயம் ஆறிவிட்டது என்று 28-ஆம் நாளை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சரி, நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா? கூடாது. ஊசியை அன்றைக்கே தொடங்கிவிட்டு நாயைப் பாருங்கள். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், மீதி ஊசி தேவையா என்று டாக்டர் சொல்வார்.