ஆழமான சம்ப், கூடுதல் கூலர்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் குளிர்விக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறுகிறது என்று யாராவது சொன்னால் போதும், "பெரிய சம்ப் மாட்டிவிடுங்கள்" என்ற யோசனை உடனே வந்துவிடும். சம்ப் என்பது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு. அமெரிக்காவில் பிக்கப் வைத்து டிரெய்லர் இழுப்பவர்களிடையே இது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. முதலில் வண்டி, பிறகு கொக்கி, அடுத்து பளபளவென்று ஓர் அலுமினியச் சம்ப். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். என்னுடையது 4எல்60இ என்ற ஜிஎம் நிறுவனத்தின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் உள்ள பழைய ஷெவ்ரலே சில்வராடோ. அதில் நானே செய்த தவறுகளையும், நண்பர்களின் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த தவறுகளையும் இங்கே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூத்த தவறு, ஆயிலின் அளவைக் கூட்டினால் சூடு குறைந்துவிடும் என்று நம்புவது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதலாக ஊற்றும் 4 லிட்டர் ஆயிலின் எடை ஏறக்குறைய 3.4 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க 7 கிலோஜூல் போதும். மலையேற்றத்தில், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் வெளியேற்றியது போக 3 கிலோவாட் வெப்பம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 லிட்டரும் 90 டிகிரி செல்சியஸிலிருந்து 110 டிகிரிக்குப் போக 47 வினாடிதான் ஆகும். இனி அரிசோனாவுக்கு வாருங்கள். புல்ஹெட் சிட்டிக்குப் பக்கத்தில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒன்று உண்டு. நீளம் 11.4 மைல். வண்டிகளின் இழுதிறனைச் சோதிக்கும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 தரவிதியின் மலையேற்றச் சோதனை, இந்த ஏற்றத்தை வைத்துத்தான் எழுதப்பட்டது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைல் வேகத்தில் ஏறினால் 17 நிமிடம் ஆகும். நம் கையில் இருப்பதோ 47 வினாடி! பெரிய சம்ப் கொஞ்ச நேரத்தை வாங்கித் தருகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே போக வழி காட்டுவது கூலர்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போவது அடுத்த தவறு. பெரும்பங்கு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில்தான் பிறக்கிறது. எஞ்சின் பக்கத்து இறக்கைகள் ஆயிலைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் கியர்பாக்ஸ் பக்கத்தைத் திருப்புகின்றன. இரண்டுக்கும் வேக வித்தியாசம் இருக்கும்வரை அந்த வித்தியாசம் வெப்பமாகிக்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள கிளட்ச் பூட்டிக்கொண்டால் வழுக்கல் நின்றுவிடும், சூடும் இறங்கும். பாரம் இழுக்கும்போது ஓவர்டிரைவில் (மிக உயர்ந்த கியரில்) விட்டுவிட்டு, கியர் மேலும் கீழுமாகத் தத்தளிக்க, கன்வர்ட்டர் பூட்டுவதும் விடுவதுமாக ஓட்டுகிறவர்கள் நிறைய. ஒரு கியர் குறைத்து ஓட்டினாலே சூட்டைக் காட்டும் முள் இறங்குவதைப் பார்க்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை, அதனாலோ என்னவோ யாரும் நம்புவதில்லை.

இதனால் ஆழமான சம்ப் வீண் என்று சொல்ல வரவில்லை. வளைவிலும் திடீர் பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சாமல் அது காப்பாற்றும். தேய்மானத் துகள்களின் சுமையைக் கூடுதல் ஆயில் பங்கிட்டுக்கொள்ளும். பெரும்பாலும் ஆயிலை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கும் கூடவே வரும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது முழங்கை வழியே சூடான ஆயில் ஓடாது என்பது என் கணக்கில் முக்கியமான லாபம்.

ஆனால் முதலாவது பயன் கிடைக்க வேண்டுமானால் ஃபில்டரும் கூடவே கீழே இறங்க வேண்டும். பழைய ஃபில்டரையே விட்டுவிட்டு சம்பை மட்டும் ஆழமாக்கினால், அதன் வாய்க்குக் கீழே தேங்கும் ஆயில் அவசரத்துக்கு உதவாது. கிணற்றை ஆழமாகத் தோண்டிவிட்டுக் கயிற்றைப் பழைய நீளத்திலேயே விட்டதுபோலத்தான். 4எல்60இ கியர்பாக்ஸில் இன்னொரு சிக்கல்: தொழிற்சாலையிலேயே ஆழம் குறைந்தது, கூடியது என இரண்டு வகைச் சம்புகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர். ஆழமானதன் ஃபில்டரை மற்றதில் போட்டால் அது தரையோடு ஒட்டி, உறிஞ்ச வழியில்லாமல் திணறும். ஃபில்டரின் கழுத்தில் இருக்கும் சீலையும் கவனியுங்கள். ஃபில்டர் கையோடு வந்துவிடும், சீல் பம்பின் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் புதிய சீலை அழுத்தினால் சரியாக உட்காராமல் காற்று நுழையும். பழைய சம்பின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைத் துடைத்துப் புதியதில் வைக்கவும் மறக்காதீர்கள். நான் மறந்தேன். 16 போல்ட்டையும் முறுக்கி முடித்து எழுந்தபோது, காந்தம் பழைய சம்பில் சாம்பல் நிறச் சேற்றோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

போல்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. அவற்றுக்கு 11 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அது மணிக்கட்டால் திருப்பும் அளவுதான். ஒழுகுமோ என்ற பயத்தில் நெம்பினால் கியர்பாக்ஸின் அலுமினிய உடலில் மரை போய்விடும். கேஸ்கெட்டின்மேல் சிலிக்கோன் பசை பூசுவதும் அதே பயத்தின் பிள்ளை. பிதுங்கி உள்ளே விழும் துண்டு, வால்வுகளின் மெல்லிய வழிகளைத் தேடிப் போகும்.

ஆயில் அளவில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். புதிய சம்பின் பெட்டியில் இவ்வளவு கூடுதல் கொள்ளும் என்று அச்சிட்டிருந்தது. வழக்கமாகச் சம்பைக் கழற்றினால் வெளியே வரும் 5 குவார்ட்டோடு (ஏறக்குறைய 4.7 லிட்டர்) அதையும் கூட்டி ஊற்றினேன். அச்சிட்ட கணக்கு ஆழம் குறைந்த சம்போடு ஒப்பிட்டது. என் வண்டியில் இருந்ததோ ஏற்கெனவே ஆழமானது. மிஞ்சிய ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்தன. மோர் நுரைப்பதுபோல நுரைத்து, காற்றுத் துளை வழியே வழிந்து, புகைக்குழாய்மேல் சொட்டிப் புகைந்தது. நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது, கிளட்சுகள் வழுக்கும், குளிர வேண்டிய கியர்பாக்ஸ் முன்பைவிடச் சூடாகும். கை பம்பால் உறிஞ்சி வெளியே எடுத்தேன்.

பெட்டியையும் கையேட்டையும் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் ஊற்ற வேண்டும், முடிவு சொல்வது ஆயில் மட்டத்தை அளக்கும் டிப்ஸ்டிக். சம்ப் கீழ்நோக்கித்தான் நீள்கிறது. மேலே ஆயில் நிற்க வேண்டிய மட்டம் மாறுவதில்லை. ஆகவே டிப்ஸ்டிக்கின் பழைய குறியே செல்லும். ஆனால் எப்படிப் பார்ப்பது என்பது வண்டிக்கு வண்டி வேறு. 4எல்60இ கியர்பாக்ஸில் சூடான நிலையில், எஞ்சின் ஓட, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய கிறைஸ்லர்கள் பலவற்றில் நியூட்ரல். ஹோண்டாவில் எஞ்சினை அணைத்த கையோடு. சூடு ஏன் முக்கியம் என்றால், 10 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய அரை லிட்டர் பெருகிவிடும். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய கியர்பாக்ஸுகளில் ஆபத்து இன்னும் அதிகம். சிலவற்றில் சம்புக்குள் நிற்கும் சிறு குழாய்தான் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. சந்தையில் வாங்கும் ஆழமான சம்பில் அந்தக் குழாயின் உயரம் பிசகினால், எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் அளவு தவறுதான்.

இனி கூலர். குழாயை வளைத்து வளைத்துத் தகடு செருகிய மலிவு வகை ஒன்று. தட்டுகளை அடுக்கிய வகை மற்றொன்று. ஒரே இடத்துக்குள் அடுக்குத்தட்டு வகை அதிக வெப்பத்தை வெளியேற்றும். விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மாட்டும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வண்டியின் முகப்பில், ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கு முன்னால் காற்று தாராளமாக வரும் இடத்தில், உலோகப் பட்டைகளால் நிறுத்த வேண்டும். கூலரோடு வரும் பிளாஸ்டிக் ஊசிகளைக் கண்டென்சரின் இதழ்களுக்குள் குத்தி நிறுத்தினால், அதிர்வில் அறுத்து அறுத்து ஒருநாள் ஏசி வாயு போய்விடும். ஹோஸ் சேரும் வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கலாம். மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வையுங்கள்.

வழக்கமான வரிசை இது: கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர், பிறகு புதிய கூலர், பிறகு கியர்பாக்ஸ். ரேடியேட்டரை முற்றாகத் தவிர்ப்பவர்களும் உண்டு, காரணம் இல்லாமல் இல்லை. 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் பாத்ஃபைண்டர், ஃப்ரன்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில் ரேடியேட்டருக்குள் கசிவு ஏற்பட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போனது ஊரறிந்த கதை. நிறுவனமே ரேடியேட்டரின் உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஆயில் ஸ்ட்ராபெர்ரி பால் நிறத்துக்கு மாறிவிட்டால் கிளட்ச் தகடுகளின் பசை விட்டுவிடும். ஆனால் குளிர்நாட்டில் ரேடியேட்டர்தான் காலையில் ஆயிலைச் சூடேற்றியும் தருகிறது. மினசோட்டாவின் ஜனவரியில் அதைத் தவிர்த்துவிட்டு ஓட்டினால் ஆயில் கெட்டியாகவே இருக்கும். போதிய சூடு வரும்வரை கணினி கன்வர்ட்டரைப் பூட்டவும் விடாது. தவிர்த்தே ஆக வேண்டுமானால் ஆயில் சூடேறும்வரை கூலருக்குப் போகாமல் திருப்பிவிடும், தெர்மோஸ்டாட் உள்ள பைபாஸ் வால்வு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். கூலன்ட் ஹோஸ் இந்த ஆயிலைத் தாங்காது. எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். இரும்புக் குழாயை அறுத்து ஹோஸைச் செருகும்போது முனையில் சிறு புடைப்பு எடுக்க வேண்டும். வழவழப்பான குழாயில் கிளாம்ப் மட்டும் போட்டால், சூட்டில் ஹோஸ் இளகி நழுவிவிடும். கூலர் வழியே நிமிடத்துக்குச் சில லிட்டர் ஆயில் ஓடுகிறது. ஹோஸ் கழன்றால் நெடுஞ்சாலையில் அடுத்த வெளிவழி வருவதற்குள் கியர்பாக்ஸ் காய்ந்துவிடும்.

ஒருமுறை கியர்பாக்ஸ் பழுதாகி மாற்றியிருந்தால், பழைய கூலரைத் திரும்ப மாட்டாதீர்கள். அடுக்குத்தட்டுகளுக்குள் சிக்கிய உலோகத் தூளை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. அது நேரே புதிய கியர்பாக்ஸுக்குத்தான் போகும்.

ஆயில் வகையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன்: எல்லாம் சிவப்பாக இருப்பதால் எல்லாம் ஒன்றல்ல. கையேடு டெக்ஸ்ரான் (ஜிஎம் ரகம்) என்றால் டெக்ஸ்ரான், ஏடிஎஃப்+4 (கிறைஸ்லர் ரகம்) என்றால் அதுதான். கியர் படிகள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸின் ஆயில் வேறு சாதி.

கடைசியாக, அளந்து பார்க்காமல் மாட்டுவது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, சம்ப் ஆயிலின் சூட்டைச் சில நாள் பாருங்கள். பாரத்தோடும் 80 முதல் 95 டிகிரிக்குள் நின்றால் எதுவும் வாங்க வேண்டாம். தனி மீட்டர் வைப்பதானால் உணரியைச் சம்பில் வையுங்கள். கன்வர்ட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் வைத்தால் ஒவ்வொரு மேட்டிலும் முள் எகிறி, காரணமில்லாமல் தூக்கத்தைக் கெடுக்கும்.

வேலை முடிந்த இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் நிறமில்லாத ஈரம் தெரிந்தால் அது ஏசி தண்ணீர். சிவப்பாக ஒரு பொட்டு இருந்தால், அதற்கு நேர் மேலே எந்த இணைப்பு இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.