பழைய ஐபிஎம் கீபோர்டை இன்றைய கணினியில் இணைப்பது எப்படி?

ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு 1985-இல் வந்தது. எடை இரண்டு கிலோவுக்கும் மேல். உள்ளே வளைந்த இரும்புத் தகடு, ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுருள்வில், பிளாஸ்டிக்குக்குள்ளேயே சாயம் இறங்கிய எழுத்துகள். இவ்வளவு வருடம் கழித்தும் இவற்றில் ஏராளமானவை நன்றாக வேலை செய்கின்றன. இப்போது விற்கும் மெல்லிய கீபோர்டு எதிலும் எனக்கு அந்தத் திருப்தி கிடைத்ததில்லை. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மடிக்கணினியிலேயே அதைப் பயன்படுத்தலாம்.

முதன்முதலாக முயல்பவர்கள் பிளக்கின் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் அடாப்டரை வாங்கிவிடுகிறார்கள். செருகினால் விளக்குகூட எரியாது. கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். பிளக் பொருந்துவது வேறு, கீபோர்டு அனுப்புவது கணினிக்குப் புரிவது வேறு. அதனால் பணம் செலவழிக்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

படி 1: கவிழ்த்துப் பாருங்கள்

கீபோர்டின் அடியில் ஒரு லேபிள் இருக்கும். அதில் பாகத்தின் எண், தயாரித்த தேதி, வரிசை எண் மூன்றும் இருக்கும். பாக எண் 1391401 என்றால் அது அமெரிக்க அமைப்பில் வந்த 101 விசை மாடல் எம். அதிகமாகக் கிடைப்பதும் சுலபமாக இணைக்க முடிவதும் இதுதான். லேபிளில் லெக்ஸ்மார்க் என்ற பெயர் இருந்தாலும் கவலை வேண்டாம். 1991-இல் ஐபிஎம்மிடமிருந்து பிரிந்த நிறுவனம் அது, கீபோர்டு அதேதான்.

அடுத்து கேபிளின் முனையைப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி அளவுள்ள வட்டப் பிளக்கில் ஆறு பின் இருந்தால் அது பிஎஸ்/2. கவலையே இல்லை, நேராகப் படி 3-க்குப் போகலாம்.

அதைவிடப் பெரிய வட்டப் பிளக்கில் ஐந்து பின் இருந்தால்தான் நிதானம் வேண்டும். 1981-இல் முதல் ஐபிஎம் பிசியுடன் வந்த 83 விசைக் கீபோர்டுக்கும், 1984-இல் ஏடி கணினியுடன் வந்த 84 விசைக் கீபோர்டுக்கும் பிளக் ஒன்றேதான். ஆனால் இரண்டும் அனுப்பும் குறிகள் வேறு. முதலாவது எக்ஸ்டி வகை, இரண்டாவது ஏடி வகை. எக்ஸ்டி கீபோர்டில் கேப்ஸ் லாக், நம் லாக் விளக்குகள் இருக்காது. ஐபிஎம்மின் ஏடி கீபோர்டில் வலது மேல் மூலையில் மூன்று விளக்குகள் உண்டு. மற்ற கம்பெனிகளின் பழைய கீபோர்டுகள் சிலவற்றில் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதன் இருபுறமும் எக்ஸ்டி, ஏடி என்று குறித்திருப்பார்கள். அதை ஏடி பக்கம் தள்ளிவிட்டால் வேலை பாதி முடிந்தது.

இவை தவிர, 122 விசைகளுடன் வரும் பெரிய டெர்மினல் கீபோர்டுகள், நான்கு பின் உள்ள பழைய ஆப்பிள் கீபோர்டுகள், எட்டு பின் உள்ள சன் கீபோர்டுகள் என்று வேறு குடும்பங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும். இந்தப் பதிவில் அவற்றுக்குள் போகவில்லை.

படி 2: உள்ளே என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘ஏ’ விசையை அழுத்தினால் கீபோர்டு ‘ஏ’ என்ற எழுத்தை அனுப்புவதில்லை. அந்த இடத்துக்குரிய ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. எக்ஸ்டி கீபோர்டு 30 என்று அனுப்பும், விரலை எடுத்ததும் 158 என்று அனுப்பும். அதே விசைக்கு ஏடி கீபோர்டும் பிஎஸ்/2 கீபோர்டும் 28 என்று அனுப்பும், விரலை எடுத்ததும் 240, 28 என்று இரண்டு எண்களை அனுப்பும். எக்ஸ்டி ஒருவழிப் பாதை: கீபோர்டு சொல்லும், கணினி கேட்கும். ஏடி வந்த பிறகுதான் கணினியும் கீபோர்டுக்குக் கட்டளை அனுப்பத் தொடங்கியது. கேப்ஸ் லாக் விளக்கை ஏற்று என்று சொல்வது அப்படிப்பட்ட ஒரு கட்டளை.

ஏடியும் பிஎஸ்/2-வும் மின்சார அளவில் ஒன்றே. பிளக்கின் வடிவம் மட்டும் மாறியது. அதனால் ஐந்து பின் ஏடி கீபோர்டை ஆறு பின்னாக மாற்ற, உள்ளே எந்தச் சில்லும் இல்லாத சாதாரண அடாப்டர் போதும். எக்ஸ்டி கீபோர்டுக்கு அதே அடாப்டரைப் போட்டால் பிளக் அழகாகப் பொருந்தும், ஓர் எழுத்துகூட வராது.

படி 3: சரியான கன்வெர்ட்டரை வாங்குங்கள்

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் அதன் பின்புறத்தைப் பாருங்கள். இன்றும் சில மதர்போர்டுகளில் பிஎஸ்/2 போர்ட் வருகிறது. ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு, பாதிப் பாதி நிறம் என்றால் இரண்டில் எதற்கும். இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம், நேராகச் செருகலாம்.

மற்றவர்களுக்கு பிஎஸ்/2-விலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கருவி வேண்டும். கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். விரல் கணு நீளத்தில், ஊதா நிறத்தில், மிக மலிவாக வருவது ஒன்று. அதற்குள் வெறும் வயர் இணைப்புதான் இருக்கும். யூஎஸ்பி, பிஎஸ்/2 இரண்டும் தெரிந்த பிற்காலக் கீபோர்டுகளுக்காகச் செய்தது அது. யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996-இல்தான் வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு வடிவமைத்த கீபோர்டுக்கு யூஎஸ்பி தெரிய வழியே இல்லை. ஆகவே அந்தச் சின்ன ஊதா அடாப்டர் மாடல் எம்முக்கு உதவாது, வாங்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் சில்லு உள்ள கன்வெர்ட்டர். கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம்: ஒரு முனையில் யூஎஸ்பி பிளக், குட்டையான கேபிள், மறுமுனையில் கீபோர்டுக்கு ஒன்றும் மவுஸுக்கு ஒன்றுமாக இரண்டு துளைகள். சில்லு இல்லாமல் இரண்டு கருவிகளை ஒரே யூஎஸ்பியில் சேர்க்க முடியாது என்பதால் இந்த வடிவத்தை நம்பி வாங்கலாம்.

சில மலிவுக் கன்வெர்ட்டர்கள் மாடல் எம்முடன் தகராறு செய்யும். ஷிப்ட் அழுத்தியபடியே நின்றுவிடும், அல்லது அழுத்தாத எழுத்து வரும். அப்படி நடந்தால் கீபோர்டைச் சந்தேகிக்கும் முன் வேறொரு கன்வெர்ட்டரில் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்டி கீபோர்டு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தமாகக் கன்வெர்ட்டர் செய்துகொள்வதுதான் நல்ல வழி. பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மாலை நேர வேலை. ஏடிமெகா32யூ4 சில்லு உள்ள புரோ மைக்ரோ என்ற சின்ன ஆர்டுயினோ வகைப் பலகையை, அதாவது நாமே நிரல் ஏற்றிக்கொள்ளக்கூடிய மின்னணுப் பலகையை வாங்குங்கள். அந்தச் சில்லுக்குள்ளேயே யூஎஸ்பி இருக்கிறது. 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு வகை விற்கிறார்கள், பழைய கீபோர்டுக்கு 5 வோல்ட் வகைதான் வேண்டும். கீபோர்டுத் துளையிலிருந்து பலகைக்கு நான்கே வயர்கள்: 5 வோல்ட், கிரவுண்டு, கிளாக், டேட்டா. பிறகு டிஎம்கே என்ற திறந்தமூல நிரலை அதில் ஏற்ற வேண்டும். கிளாக், டேட்டா வயர்கள் பலகையின் எந்தப் பின்னுக்குப் போக வேண்டும் என்பது அந்த நிரலின் கையேட்டில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பின் வரைபடங்களில் ஒரு சிக்கல் உண்டு. பிளக்கை முன்னாலிருந்து பார்த்து வரைந்த படமும் துளையை முன்னாலிருந்து பார்த்து வரைந்த படமும் இடவலம் மாறியிருக்கும். மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு வயரையும் தொட்டு உறுதிசெய்யுங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் கீபோர்டின் சில்லு போய்விடும், மாற்றுவது கஷ்டம்.

படி 4: இணைக்கும் வரிசை

பிஎஸ்/2 போர்ட்டில் நேராகச் செருகுவதாக இருந்தால் கணினியை முழுதாக அணைத்துவிட்டுச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவும் பிடுங்கவும் அந்தப் போர்ட்டை வடிவமைக்கவில்லை. பல நேரம் ஒன்றும் ஆகாது. சில நேரம் மதர்போர்டில் உள்ள சின்ன பியூஸ் போகும்.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் என்றால் முதலில் கீபோர்டைக் கன்வெர்ட்டரில் செருகுங்கள், அதன் பிறகு கன்வெர்ட்டரைக் கணினியில் செருகுங்கள். மின்சாரம் வந்தவுடன் கீபோர்டு தன்னைத்தானே ஒருமுறை சோதித்துப் பார்த்து, ‘நலம்’ என்று ஒரு குறி அனுப்பும். அந்த நேரத்தில் கன்வெர்ட்டர் மறுமுனையில் இருப்பது நல்லது.

பழைய கீபோர்டுகள் இப்போதைய கீபோர்டுகளைவிட அதிக மின்சாரம் எடுக்கும். மடிக்கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், அது தாராளம். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. அதனால் ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியிலேயே செருகுங்கள்.

படி 5: சோதனை

செருகியதும் வலது மேல் மூலையில் மூன்று பச்சை விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைய வேண்டும். மின்னினால் கீபோர்டுக்கு மின்சாரம் போகிறது, அதன் சில்லு உயிரோடு இருக்கிறது. பிறகு கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்தால் இருவழிப் பேச்சும் சரி, ஏனென்றால் அந்த விளக்கை ஏற்றச் சொல்வது கணினிதான். (எக்ஸ்டி கீபோர்டுகளிலும் 1985-இன் முதல் மாடல் எம்களில் சிலவற்றிலும் விளக்குகளே கிடையாது, அவற்றில் எழுத்துகளைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.)

ஒரு விளக்கும் மின்னவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பல மாடல் எம்களில் கேபிள் கழற்றக்கூடியது. கீபோர்டின் பின்புறம் நெட்வொர்க் கேபிள் போன்ற, ஆனால் அதைவிட அகலமான பிளக் இருக்கும். அது பாதி வெளியே வந்திருப்பது சர்வசாதாரணம். ‘கிளிக்’ என்று உட்காரும்வரை உள்ளே தள்ளுங்கள்.

அடுத்து ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து எல்லா விசைகளையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். காதையும் திறந்து வையுங்கள். ஒவ்வொரு விசைக்கும் ஒரே மாதிரி கணீரென்ற ஒலி வர வேண்டும்.

படி 6: ஒலிக்காத விசையைச் சரிசெய்வது

மாடல் எம்மில் விரலை அழுத்தும்போது விசைக்கு அடியில் இருக்கும் சுருள்வில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று பக்கவாட்டில் வளையும். வளையும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழாயில் மோதும், காதில் விழும் ஒலி அதுதான். அதே நொடியில் வில்லின் அடியில் உள்ள சின்னச் சுத்தியல் சாய்ந்து கீழேயிருக்கும் மென்தகட்டை அழுத்தும், எழுத்து பதிவாகும். விரல் உணர்வதும் காது கேட்பதும் திரையில் எழுத்து வருவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. இந்தக் கீபோர்டை ஒருமுறை பழகியவர்கள் விட மறுப்பதற்குக் காரணம் இந்த ஒற்றுமைதான்.

ஒரு விசை ஒலி இல்லாமல் மொத்தென்று இறங்கினால், பெரும்பாலும் வில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டின் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த விசையின் மூடியை நேர் மேலாக இழுத்துக் கழற்றுங்கள். பல விசைகள் இரண்டு அடுக்கு: எழுத்துள்ள மேல் மூடி முதலில் வரும், அதற்கடியில் உள்ள தண்டைத் தனியாக எடுக்க வேண்டும். இப்போது குழாய்க்குள் வில் தெரியும். கீபோர்டைச் செங்குத்தாக நிறுத்தி, வில் குழாயின் நடுவில் நேராக நிற்கும்படி பார்த்துக்கொண்டு தண்டைத் திரும்பப் பொருத்துங்கள். ஒலி வரவில்லையா, கழற்றி மறுபடி பொருத்துங்கள். வில்லை இடுக்கியால் இழுக்கவோ வளைக்கவோ வேண்டாம்.

கழற்றிய கையோடு மூடிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, முழுதாகக் காயவிடலாம். எழுத்து போய்விடும் என்ற பயமே வேண்டாம். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டின் உடம்பில் தண்ணீர் படக்கூடாது, உலர்ந்த பிரஷ் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

படி 7: விண்டோஸ் விசை இல்லாத குறை

101 விசைக் கீபோர்டில் விண்டோஸ் விசை கிடையாது. ஸ்டார்ட் மெனு மட்டும் வேண்டுமென்றால் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். மற்ற குறுக்குவழிகளும் வேண்டும் என்பவர்கள் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் விசையாக மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் மைக்ரோசாப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மென்பொருளின் கீபோர்டு மேனேஜரில் இரண்டு நிமிட வேலை. மேக்கில் கீபோர்டு அமைப்புகளில் கேப்ஸ் லாக்கை கமாண்ட் விசையாக்கும் வசதி இருக்கிறது. லினக்ஸில் கீபோர்டு லேஅவுட் விருப்பங்களில் கேப்ஸ் லாக்கை சூப்பர் விசையாக்கலாம் (விண்டோஸ் விசைக்கு அங்கே அதுதான் பெயர்). சொந்தமாகக் கன்வெர்ட்டர் செய்தவர்கள் இந்த மாற்றத்தை நிரலிலேயே எழுதிவிடுவது மேல், எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும்.

தமிழ் தட்டச்சுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். கீபோர்டு அனுப்புவது இடத்தின் எண்ணைத்தான் என்று பார்த்தோம், தமிழ்99 அமைப்பு கணினிக்குள் இருக்கிறது. அதனால் 1980-களின் ஐபிஎம் விசையில் ‘க’, ‘ப’, ‘ம’ தட்டுவதில் ஒரு தடையும் இல்லை. ‘ச’, ‘ஞ’, ‘ழ’, ‘ய’ எல்லாம் வலது ஓரத்துக் குறியீட்டு விசைகளில் வழக்கம்போலவே இருக்கும்.

ஒரே ஒரு வரம்பு. மாடல் எம்மின் உள்கட்டமைப்பு எப்போதும் உறுதியாகக் காட்டுவது ஒரே நேரத்தில் இரண்டு விசைகளைத்தான். சில மூன்று விசைக் கூட்டுகளில் மூன்றாவது பதிவாகாது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் தனி இணைப்பில் இருப்பதால் குறுக்குவழிகளுக்குப் பாதிப்பில்லை. பல விசைகளை ஒன்றாக அழுத்தும் விளையாட்டுகளுக்கு வேறு கீபோர்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது உடைந்தால் உதிரிப் பாகத்துக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் இந்தக் கீபோர்டுகளைச் செய்த தொழில், 1996-இல் யூனிகாம்ப் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதே வில் அமைப்பில் யூஎஸ்பி கீபோர்டுகளை அவர்கள் இன்னமும் செய்து விற்கிறார்கள், விசை மூடிகளைத் தனியாகவும் விற்கிறார்கள்.