வெள்ளத்தில் நின்ற காரும் திருப்பக் கூடாத சாவியும்

ஐப்பசி பிறந்தால் என் போன் ஓயாது. தாம்பரம் பக்கம் பொதுக் காப்பீட்டு ஏஜென்ட்டாக இருக்கிறேன். போன வாரம் புதுக் கார் வாங்கிய பையன் ஒருவன், "வெள்ளம் வந்தா கம்பெனி பார்த்துக்கும்ல சார்?" என்று கேட்டான். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளக் காலத்தில் காப்பீட்டுப் பணத்தைக் கோட்டைவிட வைக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பிரீமியத்தை நேரத்துக்குக் கட்டு, பொய் சொல்லாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

சாவியைத் திருப்புவது

2015 டிசம்பர் முதல் வாரம். முடிச்சூரில் எங்கள் தெருவில் என் கார் சீட் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றது. வடிந்தபின் கதவைத் திறந்தால் மிதியடி முழுக்கச் சேறு, பின் சீட்டுக்கடியில் செத்த மீன்குஞ்சு ஒன்று. பக்கத்து வீட்டு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரு தம்பி, இருக்கா போச்சான்னு தெரிஞ்சிடும்." திருப்பினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். போய்விட்டது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது அங்கிருக்கும் காற்றை அமுக்கும். காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால், பிஸ்டன் அதில் முட்டி, அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால், தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிச் சுத்தம் செய்தே பல இன்ஜின்களைக் காப்பாற்றிவிடலாம்.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்தார். கார்ப்பெட், சீட், வயரிங் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இன்ஜினைப் பிரித்து ராடைப் பார்த்ததும் பேனாவை மூடினார். "நனைஞ்சது வெள்ளத்தால. இது வளைஞ்சது நீங்க ஸ்டார்ட் பண்ணதால." முழுக் காப்பீட்டு பாலிசி வெள்ளத்தின் நேரடிச் சேதத்துக்குத்தான் பணம் தரும், அதன்பின் தொடர்ந்து வரும் விளைவுச் சேதத்துக்கு வழக்கமாகத் தராது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஓர் ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பு, இருக்கிறது. பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நான்தான் அதை வேண்டாம் என்றேன். இன்ஜின் செலவு முழுக்க என் கையிலிருந்து போனது. அந்த எரிச்சலில்தான் ஏஜென்ட் தேர்வே எழுதினேன்.

எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முந்தின இரவே என் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் ஒருவர், வேளச்சேரியில் இருப்பவர், நாலாம் நாள் கூப்பிட்டார். "சாவியைத் திருப்பல சார். பட்டன்தான் அழுத்தினேன்." என்ன சொல்வது?

சரி, என்ன செய்ய வேண்டும்? எதையும் தொடுவதற்கு முன், தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, தூக்கிப் போகும் வண்டி வரும்வரை காத்திருங்கள். நடுரோட்டுத் தண்ணீரில் வண்டி அணைந்துபோனாலும் இதேதான், மறுபடி முயலக் கூடாது. ஆட்-ஆன் இருக்கிற தைரியத்திலும் முயல வேண்டாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறவர்களைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருப்பது

அது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குத்தான். வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது.

மனை விலையையும் சேர்த்து வீட்டைக் காப்பீடு செய்வது

"என் ஃப்ளாட் எண்பது லட்சம் போகும், எண்பதுக்கே போடுங்க" என்பார்கள். வெள்ளம் மனையை அடித்துக்கொண்டு போகாது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. ஆயிரம் சதுர அடிக்கு, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். மிச்சத்துக்குக் கட்டும் பிரீமியம் வீண்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்கின்றன. வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே கிடைக்கும். நகை அதில் வராது, தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, வீட்டுக் கடனோடு வங்கியில் கையெழுத்து வாங்கிய காப்பீடு பெரும்பாலும் உங்கள் உயிருக்கும் கடனுக்கும்தான். வீட்டுக்கும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

வாடகை வீடுதானே என்பது

வீடு உங்களுடையதில்லை, சரி. உள்ளே நனையும் பீரோ யாருடையது?

சர்வேயர் வருமுன் கழுவிவிடுவது

மிக்ஜாம் முடிந்ததும் ஓர் அம்மா மெத்தை, மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் மாநகராட்சி லாரியில் ஏற்றிவிட்டு, தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்து, கோலமும் போட்டு வைத்திருந்தார். சர்வேயர் எதைப் பார்ப்பார்? சுவரில் தண்ணீர் நின்ற கோடு, ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண், நனைந்த துணி, எல்லாவற்றையும் வீடியோ எடுத்த பிறகு துடைப்பத்தைத் தொடுங்கள். தூக்கிப் போட்டே ஆக வேண்டும் என்றால் கம்பெனியிடம் கேட்டு, சரி என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலிசியைக் காலாவதியாக விடுவது

புயல் சின்னம் உருவானபின் ஓடிவந்தால் முதலில் வண்டியைப் பரிசோதிப்பார்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் எடுக்காததற்காகச் சேர்த்து வைத்த தள்ளுபடி, 50 சதவீதமே ஆனாலும், மொத்தமாகப் போய்விடும்.

நிராகரிப்புக் கடிதத்தோடு அடங்கிவிடுவது

2015இல் நான் அடங்கிவிட்டேன். முதலில் கம்பெனியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.