இருபரிமாணக் காந்தங்கள்: அடுக்கெண் பிசகும் இடங்கள்

சதுர அணிக்கோவையில் ஐசிங் மாதிரிக்கு (ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ நோக்கும் ஒரு ஸ்பின், அதாவது குட்டிக் காந்தம், உள்ள மாதிரி) விடை முன்பே தெரியும். ஆன்சாகரின் 1944 தீர்வுப்படி மாறுநிலை வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, 2.269 (இணைப்பு வலிமையைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்த அலகில்). மாறுநிலையை நெருங்கும்போது காந்தமாக்கம் வெப்பநிலை விலக்கத்தின் எந்த அடுக்காகக் குறைகிறது என்று சொல்லும் அடுக்கெண் பீட்டா 1/8. இதை 1952-இல் யாங் வெளியிட்டார். அப்படியிருந்தும் கணினி உருவகப்படுத்தலில் 0.15, 0.17 என்று விடை வருவது சகஜம். குற்றவாளி பெரும்பாலும் நிரல் அல்ல, மாறுநிலை வெப்பநிலையைக் குறித்த விதம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மாறுநிலைக்கு 1% முதல் 10% வரை கீழே உள்ள புள்ளிகளை எடுத்து மடக்கை வரைபடத்தில் கோடு போடுகிறோம். மாறுநிலை வெப்பநிலையை வெறும் 1% கூட்டி வைத்துவிட்டால், 0.01–0.1 என்ற விலக்கம் 0.02–0.11 ஆகிவிடும். இரு முனைகளையும் இணைக்கும் கோட்டின் சாய்வு 0.125-இலிருந்து 0.17-க்குத் தாவும். புள்ளிகள் அப்போதும் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் இருக்கும். கண்ணுக்குச் சந்தேகமே வராது.

ஆகவே பீட்டாவைத் தொடுமுன் மாறுநிலை வெப்பநிலையைத் தனியாகப் பிடியுங்கள். ஏற்புத்திறனின் (வெளிப்புலத்துக்குக் காந்தமாக்கம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவின்) உச்சி போதாது. அது அணிக்கோவையின் அளவுக்கேற்ப நகரும். பல அளவுகளுக்குப் பைண்டர் விகிதத்தை (காந்தமாக்கம் m என்றால், 1 − ⟨m⁴⟩/(3⟨m²⟩²)) வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, கோடுகள் வெட்டும் இடத்தைப் பாருங்கள். சுழல் எல்லையுள்ள (எதிரெதிர் விளிம்புகளை இணைத்த) சதுர அமைப்பில் வெட்டும் மதிப்பு 0.611-க்கு அருகே இருக்க வேண்டும். பிறகு அந்த வெப்பநிலையிலேயே நின்று, காந்தமாக்கம் பக்க நீளத்தோடு எப்படிக் குறைகிறது என்று அளந்தால் மடக்கை வரைபடத்தில் சாய்வு −1/8 கிடைக்கும்.

சராசரி எடுக்கும்போது குறியை நீக்கிய மதிப்பையே எடுங்கள். சிறிய அமைப்பில் ஸ்பின்கள் மொத்தமாகப் புரண்டு, குறியோடு கூட்டினால் பூச்சியம் வந்துவிடும். அதே சமயம், மாறுநிலையில் வளைவு பூச்சியத்தைத் தொடவில்லையே என்று நிரலைக் கிளற வேண்டாம்: 64×64 அமைப்பில் அங்கே சுமார் 0.6 இருக்கும், 1024×1024-இலும் 0.42 மிஞ்சும். அடுக்கெண் அவ்வளவு சிறியது.

பிழை வரம்பு நம்ப முடியாத அளவுக்குக் குறுகலாக இருந்தால் தன்தொடர்பை, அதாவது அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதை, பாருங்கள். ஸ்பின்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் மெட்ரோபோலிஸ் முறையில், மாறுநிலையில் தளர்வுக் காலம் (பழைய நிலையை மறக்க ஆகும் காலம்) பக்க நீளத்தின் 2.17-ஆம் அடுக்காக ஏறும். 64-க்கு அது ஆயிரக்கணக்கான சுற்றுகள். அதைவிட நீளமான கட்டுகளாகத் தரவைப் பிரித்துப் பிழை காணுங்கள், அல்லது ஸ்பின் கொத்தையே ஒருசேரப் புரட்டும் வுல்ஃப் கொத்து முறைக்கு மாறுங்கள்.

ஸ்பின் ஒரு தளத்தில் எத்திசையும் நோக்கக்கூடிய எக்ஸ்-ஒய் மாதிரியில் இந்தச் செய்முறையை அப்படியே ஓட்டக் கூடாது. அங்கே முடிவிலா அமைப்பில் தன்னியல்புக் காந்தமாக்கமே கிடையாது. ஆனாலும் சிறிய அமைப்பு 0.23 என்ற போலி பீட்டாவைக் காட்டும். பைண்டர் கோடுகளும் தெளிவாக வெட்டாமல் ஒட்டிக்கொண்டு போகும். சுருள் விறைப்பின் (ஸ்பின்களின் திசையை முறுக்க எழும் எதிர்ப்பின்) தாவலைத் தேடுங்கள், மாற்றம் அதே அலகில் 0.893-க்கு அருகே.

ஒற்றை அடுக்குக் குரோமியம் அயோடைடு 45 கெல்வின் வரை காந்தமாக இருப்பது 2017-இல் தெரிந்தது. இது மெர்மின்–வாக்னர் தேற்றத்துக்கு முரண் இல்லை. இருபரிமாணத்தில் காந்த ஒழுங்கு நிலைக்காது என்னும் அந்தத் தேற்றம், ஒருசேரத் தொடர்ச்சியாகச் சுழற்றினாலும் ஆற்றல் மாறாத ஸ்பின்களுக்கே. இந்தப் படிகத்தில் திசைச்சார்பு உண்டு, அதாவது ஸ்பின்கள் ஒரு குறிப்பிட்ட அச்சையே விரும்பும்.