பழைய பிரஸ் கேமராவில் இன்றைய ஃபிளாஷை இணைப்பது எப்படி?

ஸ்பீடு கிராஃபிக், கிரவுன் கிராஃபிக் போன்ற 4×5 அங்குல பிரஸ் கேமராக்கள் (பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பெரிய ஃபிலிம் கேமராக்கள்) பல்பு ஃபிளாஷ் காலத்தவை. ஒரு படத்துக்கு ஒரு பல்பு எரிந்து தீரும். இருந்தாலும் இன்றைய எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் அவற்றில் நன்றாகவே வேலை செய்யும். ஃபிளாஷைப் பொறுத்தவரை லென்ஸ் ஷட்டர் என்பது ஒரு சுவிட்ச்தான். அது இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் ஃபிளாஷ் மின்னும். எந்தக் கணத்தில் தொடவைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஷட்டரைப் பாருங்கள்

ஷட்டரின் விளிம்பில் இரண்டு சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பைபோஸ்ட் என்ற இணைப்பு. நடுவில் ஒரு முனையும் சுற்றி ஒரு வளையமுமாகச் சின்ன வட்டமாக இருந்தால் பிசி சாக்கெட். இரண்டுமே இல்லையென்றால் அந்த ஷட்டரில் சிங்க் (ஷட்டர் திறக்கும்போது ஃபிளாஷை மின்னவைக்கும் வசதி) கிடையாது. அப்போது இருட்டறையில் ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வைத்து, ஃபிளாஷின் டெஸ்ட் பொத்தானைக் கையால் அழுத்தி, உடனே மூடுங்கள். அசையாத பொருளுக்கு இதுவே போதும்.

தேவையானவை

ஷட்டருக்கு ஏற்ற கேபிள் (பைபோஸ்ட்–பிசி அல்லது பிசி–பிசி), பிசி சாக்கெட் உள்ள ஹாட் ஷூ அடாப்டர் (ஃபிளாஷின் அடிப்பகுதி இதில் செருகும்), 1/4 அங்குலத் திருகுள்ள ஃபிளாஷ் பிராக்கெட், பவரைக் கையால் மாற்றக்கூடிய ஃபிளாஷ். மல்டிமீட்டர் இருந்தால் பாதித் தலைவலி குறையும். ரேடியோ ட்ரிகர் வைத்திருப்பவர்கள் ஷட்டரிலிருந்து வரும் கேபிளை டிரான்ஸ்மிட்டரின் சிங்க் சாக்கெட்டில் செருகினால் போதும்.

கேமராவோடு பழைய பல்பு ஃபிளாஷ் கைப்பிடி வந்திருந்தால் அதைப் பிராக்கெட்டாகப் பயன்படுத்தலாம். உள்ளேயிருக்கும் பேட்டரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் சாக்கெட்டுகளில் பேட்டரி மின்சாரம் வரும். புதிய ஃபிளாஷை அங்கே செருகக் கூடாது.

எக்ஸ், எம்: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்

பல ஷட்டர்களில் 'எக்ஸ்', 'எம்' என்று இரண்டு சிங்க் நிலைகள் இருக்கும்: 'எக்ஸ்' எலெக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு, 'எம்' பல்புக்கு. பல்பு பற்றிக்கொண்டு உச்ச ஒளிக்கு வர ஏறத்தாழ 20 மில்லி நொடி ஆகும். அதற்காக 'எம்' நிலையில் மின்தொடர்பு முந்திக்கொள்ளும். ஷட்டர் இதழ்கள் பிறகுதான் திறக்கும். எலெக்ட்ரானிக் ஃபிளாஷோ ஒன்றிரண்டு மில்லி நொடிக்குள் தன் ஒளியில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். 'எம்'மில் வைத்தால் இதழ்கள் திறக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஃபிளாஷ் மின்னியதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள், படலத்தில் (ஃபிலிமில்) ஒன்றும் விழுந்திருக்காது. சில ஷட்டர்களில் உள்ள 'எஃப்' நிலைக்கும் இதே கதிதான். ஷட்டரிலுள்ள சிங்க் நெம்புகோலை 'எக்ஸ்'இல் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பீடு கிராஃபிக்கில் பின்புறம் துணித்திரை ஷட்டரும் உண்டு. அதை முழுத் திறப்பில் நிறுத்திவிட்டு முன் ஷட்டரால் மட்டுமே எடுங்கள். துணித்திரையின் பிளவு படலத்தைக் கடக்கும் நேரம் நீளமானது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் அதில் ஒரு பட்டையை மட்டும்தான் ஒளியூட்டும். கிரவுன் கிராஃபிக்கில் இந்தத் திரையே இல்லை.

பொருத்துதல்

பிராக்கெட்டைக் கேமராவின் அடியிலுள்ள ட்ரைபாட் துளையில் திருகுங்கள். ஃபிளாஷ் லென்ஸுக்கு மேலே, பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும். கேபிள் பெல்லோஸை (லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியை) தொடாமல், லென்ஸ் முன்னே பின்னே நகரும்போது இழுபடாத அளவு தளர்வாக இருக்க வேண்டும். ஃபிளாஷின் தானியங்கித் தூக்கத்தை அணைத்துவிடுங்கள். இந்தக் கேமராவில் ஃபோகஸ் செய்து, படலம் இருக்கும் ஹோல்டரைச் செருகி, அதில் வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் தடுப்புத் தகட்டை உருவுவதற்குள் ஃபிளாஷ் தூங்கிவிடும்.

படலம் போடும் முன் சோதனை

கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, அபர்ச்சரை முழுக்க விரித்து, லென்ஸை வெள்ளைச் சுவரை நோக்கி வையுங்கள். பின்னாலிருந்து லென்ஸுக்குள் பார்த்தபடி 1/100 அல்லது 1/125இல் ஷட்டரை இயக்குங்கள். முழு வட்டமாக ஒளி தெரிந்தால் சிங்க் சரி. நட்சத்திரம் போலத் தெரிந்தால் இதழ்கள் பாதி திறந்திருக்கும்போதே ஃபிளாஷ் மின்னுகிறது. எதுவுமே தெரியவில்லையென்றால் 'எம்'மில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வேகங்களிலும் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒளி அளவு

டிடிஎல் (லென்ஸ் வழியே ஒளியை அளந்து ஃபிளாஷைத் தானாகச் சரிசெய்யும் முறை) இங்கே வேலை செய்யாது. மேனுவலில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கைடு எண்ணை (ஃபிளாஷின் திறனைக் காட்டும் எண்) தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100இல் கைடு எண் 36 (மீட்டரில்), ஆள் 3 மீட்டரில் நின்றால் 12. எஃப் 11 வையுங்கள். ஐஎஸ்ஓ 400 படலத்துக்குக் கைடு எண் இரட்டிக்கும்.

135 மி.மீ. லென்ஸுக்கு ஃபிளாஷ் தலையின் ஜூமை 35 மி.மீ.யில் வைக்க வேண்டும். ஜூமை மாற்றினால் கைடு எண்ணும் மாறும், 35 மி.மீ.க்குரிய எண்ணையே எடுங்கள். பொருள் 1 மீட்டர் அருகில் இருந்தால் பெல்லோஸ் நீள்வதால் அரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக ஒளி இழப்பு உண்டு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). அபர்ச்சரை அதற்கேற்பத் திறந்துகொள்ளுங்கள். 3 மீட்டரில் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மின்னவில்லையா?

டெஸ்ட் பொத்தானில் மின்னி ஷட்டரில் மின்னாவிட்டால், கேபிளை ஷட்டரிலிருந்து கழற்றி, அந்த முனையின் இரு தொடர்புகளையும் உலோகத் துண்டால் இணைத்துப் பாருங்கள். அப்போது மின்னினால் கேபிள் நல்லது, ஷட்டர் முனைகள்தான் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிசி பிளக் தளர்ந்து ஆடுவதும் அடிக்கடி நடக்கும். வெளி வளையத்தை மிக மெதுவாக நெருக்கிவிட்டால் பிடிக்கும்.

ஒருமுறை மின்னிவிட்டுப் பிறகு மின்னவே மறுத்தால் குறுக்கிணைப்பைச் சந்தேகியுங்கள். பைபோஸ்டில் ஒரு ஊசி ஷட்டர் உடலோடு இணைந்திருக்கலாம். உலோகப் பிராக்கெட் வழியாக ஃபிளாஷின் எர்த்தும் அதே உடலைத் தொட்டால், சுவிட்ச் எப்போதும் மூடியபடியே இருக்கும். பிளக்கைக் கழற்றித் திருப்பிச் செருகுங்கள். அப்படியும் தீராவிட்டால் ஃபிளாஷ் ஷூவுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்றை வையுங்கள்.