இளம் பிட்சரை வளர்ப்பது எப்படி: பால்டிமோர் தடுமாறிய இடங்களை வைத்து ஒரு கையேடு

2008 முதல் 2012 வரை நடந்த ஐந்து டிராஃப்டுகளில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நான்கில் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி தன் முதல் தேர்வைப் பிட்சருக்கே, அதாவது பந்தெறிபவருக்கே, கொடுத்தது. 2008இல் பிரையன் மட்டூஸ், 2009இல் மேட் ஹாப்குட், 2011இல் டிலன் பண்டி, 2012இல் கெவின் காஸ்மன். நால்வரும் நாட்டிலேயே முதல் ஐந்து இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள். ஹாப்குட் தோள் காயங்களால் உச்சநிலையான மேஜர் லீகை எட்டவே இல்லை. மட்டூஸ் 2011இல் 12 ஆட்டங்களில் இறங்கி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.69 ரன் என்ற கணக்கில் கொடுத்தார். பண்டி 19 வயதில் மேஜர் லீக் மௌண்டில் (பிட்சர் நின்று எறியும் மேடு) ஏறினார். 20 வயதில் முழங்கைத் தசைநாருக்கு டாமி ஜான் அறுவை செய்துகொண்டார். காஸ்மன் முழுமை பெற்றது வேறு ஊர்களில்.

திறமைக்குப் பஞ்சம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பால்டிமோரில் 5.46 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன் கணக்கு) தத்தளித்த ஜேக் அரியெட்டா, 2013 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்குக் கைமாறினார். 2015இல் 22 வெற்றி, 6 தோல்வி, 1.77 ஈ.ஆர்.ஏ., லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. காயத்தில் ஒரு பங்கு துரதிர்ஷ்டம்தான், அதை எந்தப் பயிற்சியாளரும் ஒழிக்க முடியாது. மீதிப் பங்கு வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் கை, அடுத்து எறியும் முறை, பிறகு பந்து வகைகள், கடைசியில்தான் பதவி உயர்வு. இந்த வரிசையைக் குலைக்கும் அணி எவ்வளவு பணம் கொட்டினாலும் பிட்சரை வளர்க்காது.

முதல் ஆறு வாரம்

புதிதாக வந்த பையனிடம் எதையும் மாற்றாதீர்கள். அளந்து எழுதி வையுங்கள், அது போதும்.

இரு தோள்களும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எத்தனை டிகிரி சுழல்கின்றன என்று பாருங்கள். எறியும் கை வெளிப்பக்கம் கூடுதலாகவும் உள்பக்கம் குறைவாகவும் சுழல்வது இயல்பு. கூட்டுத்தொகைதான் முக்கியம். அது மற்றத் தோளைவிட 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் காய அபாயம் கூடுகிறது. நீட்சிப் பயிற்சியை அன்றே தொடங்குங்கள். இடுப்பின் சுழற்சியையும் அளந்து பாருங்கள். எறியும் முறையில் குறை என்று தோன்றுவதில் பாதி, இடுப்பு இறுகியிருப்பதால் வருவது.

விநாடிக்கு 240 படத்துக்குக் குறையாத கேமராவில் முன்னாலிருந்தும், பின்னாலிருந்தும், மார்பு திறக்கும் பக்கத்திலிருந்தும் பதிவு செய்யுங்கள். டிராக்மேன் அல்லது ராப்சோடோ கருவியில் வேகம், சுழற்சி, செங்குத்து விலகல், பக்க விலகல், பந்தை விடும் உயரம் ஆகியவற்றைப் பதியுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதாவது கோளாறு வந்தால், பையன் நன்றாக இருந்தபோது எப்படி எறிந்தான் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி இதுதான். அவனிடம் கேட்டுப் பயனில்லை, எந்தப் பிட்சருக்கும் தன் உடல் அசைவு அப்படியே நினைவிருக்காது.

எறிகளை எண்ணுங்கள்

இன்னிங்ஸை மட்டும் எண்ணுவது பழைய பழக்கம். முந்தைய ஆண்டைவிட 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டினால் கை போய்விடும் என்ற விதி நெடுங்காலம் புழங்கியது. பின்னால் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆட்டத்தில் 85 பந்து என்று ஏட்டில் இருக்கும். அதற்கு முன் புல்பென்னில் (பிட்சர்கள் எறிந்து ஆயத்தமாகும் இடம்) 30, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் ஐந்தாறு. எல்லாம் சேர்ந்தால் 150ஐத் தொடும். கைக்குத் தெரிவது இந்த 150தான்.

பள்ளி வயதுக்கு, எம்.எல்.பி.யும் (மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு) யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த 'பிட்ச் ஸ்மார்ட்' வரம்புகளை விட்டு விலகாதீர்கள். ஒரு நாளின் உச்சம் 13 முதல் 16 வயதுக்கு 95 பந்து, 17-18 வயதுக்கு 105, 19 முதல் 22 வரை 120. 17-18 வயதுக்காரன் 81 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் போட்டி எறிதலே கூடாது. பிட்சராக இறங்கிய அதே ஆட்டத்தில் அவனைக் கேட்சராகவும் உட்கார வைக்காதீர்கள்.

18 வயதில் ஒப்பந்தமான பையனுக்கு முதல் கோடையில் 10 முதல் 20 இன்னிங்ஸ் போதும். அடுத்த முழுப் பருவத்தில் 70 முதல் 90, அதற்கடுத்து 100 முதல் 110, நான்காவதில் 120-130 என்று ஏற்றலாம். இது எல்லாக் கைக்கும் பொருந்தும் சட்டமல்ல. வாராவாரம் எண்ணிக்கை சீராக ஏறுகிறதா என்பதே பெரிது. இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு மூன்றாவது வாரம் முழு வேகத்தில் எறிவதுதான் கையை அதிகம் கெடுக்கிறது.

ஆறு நாள் இடைவெளியில் இறங்கும் ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) ஒரு வாரம் இப்படிப் போகலாம். ஆட்டத்துக்கு மறுநாள் கால், இடுப்பு வலுப் பயிற்சி, கைக்கு ஓய்வு. இரண்டாம் நாள் 90 அடிவரை இலேசான எறிதல். மூன்றாம் நாள் புல்பென்னில் 25 முதல் 30 பந்து. நான்காம் நாள் 120 அடிக்கு மேல் நீள எறிதல். ஐந்தாம் நாள் 60 அடியில் பத்து நிமிடம். ஆறாம் நாள் ஆட்டம்.

ஒரே இன்னிங்ஸில் 30 பந்து ஆகிவிட்டால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் பையனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம், அறுவைக்கு வந்த பதின்வயதுப் பிட்சர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்டது. களைத்த கையோடு வழக்கமாக எறிந்தவர்களுக்கு அபாயம் 36 மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு. களைப்பு எவ்வளவு பெரிய எதிரி என்பது இந்த வித்தியாசத்திலேயே தெரிகிறது.

களைப்பைக் கண்டுபிடிக்க அவனிடம் கேட்காதீர்கள். 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் சொல்வான். முதல் இன்னிங்ஸ் வேகத்திலிருந்து மணிக்கு 2 மைல் குறைவது, பந்தை விடும் உயரம் இரண்டு அங்குலம் இறங்குவது, வலக்கைக்காரனின் ஃபாஸ்ட்பால் (முழு வேகப்பந்து) தொடர்ந்து வலப்பக்கம் மேலே பறப்பது ஆகிய மூன்றையும் கவனியுங்கள். மூன்றாவதற்குக் காரணம், கால் தரையில் ஊன்றும்போது கை இன்னும் மேலே வந்து சேராமல் பின்தங்குவது. அப்படித் தாமதமாகும் ஒவ்வொரு எறியிலும் முழங்கை கூடுதல் பாரத்தைத் தாங்குகிறது.

எறியும் முறையைத் தொடலாமா?

மூன்று காரணம் இருந்தால் மட்டும்: வலி, கட்டுக்கடங்காமல் பெருகும் வாக் (நான்கு பந்து இலக்குக்கு வெளியே போய் ஹிட்டருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது), படிப்படியாக இறங்கும் வேகம். 'பார்க்க அழகாக இல்லை' என்பது காரணமே அல்ல. அரியெட்டா காலைக் குறுக்கே ஊன்றி, உடம்பின் குறுக்காக எறிபவர். பால்டிமோரில் அதை நேராக்கப் பார்த்தார்கள். கப்ஸ் இயல்புக்கு விட்டது. வலக்கை ஹிட்டருக்கு அவர் பந்து தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் தோன்றியதற்கு அந்தக் குறுக்கு அடிதான் காரணம். குறை என்று பெயரிட்டதே அவருடைய ஆயுதமாக இருந்தது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பந்தில்லாமல், அடுத்து வலையை நோக்கி மென்பந்து, பிறகு 60 அடி எறிதல், பாதி வேகத்தில் மௌண்ட், முழு வேகத்தில் மௌண்ட், ஹிட்டரை நிறுத்தி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமாவது வேண்டும். எனவே இது குளிர்கால வேலை. பருவத்தின் நடுவில் செய்தால், ஹிட்டரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பையன் தன் காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான். இன்னொன்று: பையன் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது அங்குள்ள பயிற்சியாளரிடம் ஒரே பக்கக் குறிப்பு போக வேண்டும். எதை மாற்றினோம், ஏன், எந்தச் சொல்லைச் சொன்னால் அவனுக்குப் புரிகிறது என்று அதில் இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு பயிற்சியாளர் ஆளுக்கு ஒன்று சொல்லும் அணியில் பிட்சர் தேற மாட்டான்.

பந்து வகைகளை எப்படிச் சேர்ப்பது

அணிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அணிக்கு ஒரு கொள்கை என்று வைத்துக்கொண்டு எல்லாக் கைகளையும் அதில் திணிப்பார்கள். பண்டியிடம் நல்ல கட்டர் (கடைசியில் சற்றே பக்கம் விலகும் வேகப்பந்து) இருந்தது. அது ஃபாஸ்ட்பாலின் வலுவைக் கெடுக்கும் என்று கருதிய பேஸ்பால் செயல்பாடுகளின் நிர்வாகத் துணைத் தலைவர் டேன் டுக்வெட் மைனர் லீகில் (மேஜர் லீகுக்குக் கீழான நிலைகள்) அதை எறிய விடவில்லை. பால்டிமோர் மட்டும் இப்படி அல்ல. பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் கெரிட் கோல் சிங்கரை (கீழிறங்கும் வேகப்பந்து) தாழ்வாக எறிந்து தரையடி வாங்கும் வழியில் நடந்தார். 2018இல் ஹூஸ்டனுக்கு வந்ததும் சிங்கரைக் குறைத்து, உயரமான ஃபோர்-சீமையும் (நேராக வரும் வேகப்பந்து) பிரேக்கிங் பந்துகளையும் (வளையும் பந்துகள்) கூட்டினார். 2017இல் 203 இன்னிங்ஸில் 196 ஸ்ட்ரைக்அவுட். 2018இல் ஏறக்குறைய அதே அளவு இன்னிங்ஸில் 276.

பையனின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப விரும்புகிறது என்று முதலில் பாருங்கள். ஃபாஸ்ட்பாலின் சுழற்சியில் 95 சதவீதத்துக்கு மேல் விலகலுக்கே பயன்பட்டால், பெரும்பாலும் அவன் உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி முடிப்பவன். அவனுக்குச் சேஞ்ச்அப்பும் (ஃபாஸ்ட்பால்போல் தோன்றும் மெதுபந்து) ஸ்ப்ளிட்டரும் (ஹிட்டரருகே சட்டென விழும் பந்து) சீக்கிரம் வரும். 90க்குக் கீழே நின்றால் பந்தின் ஓரத்தை வெட்டுபவன். ஸ்லைடரோ (பக்கவாட்டில் வளையும் பந்து) கட்டரோ கற்றுக்கொடுங்கள். காஸ்மன் முதல் வகை. சான் பிரான்சிஸ்கோவில் ஃபோர்-சீம், ஸ்ப்ளிட்டர் இரண்டையே பெரிதும் நம்பி 2021இல் 2.81 ஈ.ஆர்.ஏ., 227 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார்.

சேஞ்ச்அப் ஃபாஸ்ட்பாலைவிட மணிக்கு 8 முதல் 10 மைல் மெதுவாக வர வேண்டும், கையின் வேகம் குறையாமல். பையன்கள் கையையே மெதுவாக்கிவிடுவார்கள், ஹிட்டர் உடனே பிடித்துவிடுவான். பந்தை உள்ளங்கைப் பக்கம் இன்னும் ஆழமாக வைத்து, நடுவிரலிலும் மோதிர விரலிலும் பிடிக்கச் சொல்லி, முழு வேகத்தில் எறியச் சொல்லுங்கள். வேகத்தைப் பிடியே குறைக்கும். புல்பென்னில் மட்டும் பழகினால் போதாது. கீழ்நிலை லீகில் ஆட்டத்துக்கு 12 முதல் 15 சேஞ்ச்அப் என்று கட்டாயக் கணக்கு வையுங்கள். அதில் குறைந்தது நான்கு, 2-0, 2-1 போன்று ஸ்ட்ரைக்கைவிட இலக்குத் தவறிய பந்து கூடுதலான, பிட்சர் பின்தங்கிய எண்ணிக்கையில் வர வேண்டும். அடி விழும், ஈ.ஆர்.ஏ. ஏறும். அதைப் பார்த்துப் பயிற்சியாளரைக் குறை சொல்லும் அணியில் எந்தப் பயிற்சியாளரும் இந்தக் கணக்கைக் காப்பாற்ற மாட்டார். இதை மேலிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எப்போது மேலே அனுப்புவது

ஈ.ஆர்.ஏ.வைப் பார்த்து அல்ல. மொத்தப் பந்தில் 63 சதவீதமாவது ஸ்ட்ரைக், முதல் பந்து ஸ்ட்ரைக் 60 சதவீதம், சந்தித்த ஹிட்டர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வாக், எதிர்க்கை ஹிட்டரிடம் துணிந்து எறிய ஒரு பந்து. நான்கும் இருந்தால் அனுப்புங்கள். மேஜர் லீகுக்கு அடுத்த கீழ்நிலையான டிரிபிள்-ஏவில் மேஜர் லீக் பந்தே புழங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பந்து வேறு தயாரிப்பு, தையலும் வேறு. மேலே போன வாரம் 'ஸ்லைடர் திரும்பவில்லை' என்று பையன் கலங்குவது இதனால்தான். ஒரு மாதம் முன்பே புல்பென்னில் மேஜர் லீக் பந்தைக் கொடுத்துப் பழக்குங்கள்.

ஒப்பந்தத்தின் கடிகாரத்தையும் மறக்காதீர்கள். 40 பேர் பட்டியலில் உள்ள வீரனை மைனர் லீகுக்கு அனுப்ப வழக்கமாக மூன்று ஆண்டு வாய்ப்புதான். பண்டி முதல் நாளே மேஜர் லீக் ஒப்பந்தம் செய்தவர், கடிகாரம் உடனே ஓடத் தொடங்கிவிட்டது. அறுவையிலும் மீட்சியிலும் ஆண்டுகள் கழிந்து, 2016இல் வாய்ப்பு தீர்ந்த நிலையில், மைனர் லீகில் நிதானமாகக் கட்ட வேண்டிய கையை மேஜர் லீக் புல்பென்னில் வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. டிராஃப்டில் எடுத்த பையனுக்கு இத்தகைய ஒப்பந்தம் கொடுப்பதை 2012 முதல் விதியே தடுத்துவிட்டது.

நார்ஃபோக்குக்கும் (பால்டிமோரின் டிரிபிள்-ஏ அணி உள்ள ஊர்) பால்டிமோருக்கும் இடையே பிட்சரை மேலும் கீழும் அலைய விடுவதும் அதே அளவு கேடு. இன்று ஆறு இன்னிங்ஸ், பிறகு ஒன்பது நாள் சும்மா, திடீரென ஒரு ரிலீஃப் (வேறொரு பிட்சருக்குப் பதிலாக நடுவில் இறங்குவது). வாரக் கணக்கு எல்லாம் சிதறிவிடும். அழைத்தால் குறைந்தது மூன்று ஆட்டம் கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டு அழையுங்கள். மூன்றாவது பந்து வகை எந்த முயற்சிக்கும் வராதவனை ரிலீவராக்கத் தயங்க வேண்டாம். சாக் பிரிட்டன் ஸ்டார்ட்டராகத் தடுமாறி, 2014இல் ரிலீவராகப் புல்பென்னுக்குப் போனார். 2016இல் ஒற்றைச் சிங்கரை நம்பி 47 வாய்ப்பில் 47 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), 0.54 ஈ.ஆர்.ஏ.

வேகப் பயிற்சியும் வலியும்

எடை கூடிய பந்துகள் வேகம் தரும், ஐயமில்லை. பள்ளிப் பிட்சர்களை வைத்து நடந்த ஆறு வார ஆய்வு ஒன்றில் வேகம் 3.3 சதவீதம் கூடியது. அதே குழுவில் 24 சதவீதம் பேர் காயப்பட்டார்கள். வளர்ச்சி முடியாத எலும்பு உள்ளவனுக்கு இது வேண்டாம். மற்றவர்களுக்கும் குளிர்காலத்தில், மொத்த எறி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மட்டும்.

தசை வலியையும் மூட்டு வலியையும் பிரித்துக் கேளுங்கள். தோளின் பின்புறத் தசை மறுநாள் வலிப்பது வழக்கம். முழங்கையின் உள்பக்க எலும்புக்குக் கீழே வலித்தாலோ, சுண்டுவிரல் மரத்தாலோ அன்றே எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். டாமி ஜான் அறுவை நடந்தால் முதல் எறி நான்கைந்து மாதம் கழித்து, 45 அடியில். பிறகு 60, 90, 120, 150 என்று ஏற்றி, ஒவ்வொரு தூரத்திலும் வலியில்லாத இரண்டு நாள் கிடைத்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். மௌண்ட் ஏறக்குறைய ஒன்பதாம் மாதம், ஆட்டம் 12 முதல் 18 மாதத்துக்குள். பத்தாம் மாதத்தில் கை பழையபடி ஆகிவிட்டதுபோல் தோன்றும், வேகமும் திரும்பியிருக்கும். அப்போதும் புல்பென் 30 பந்தைத் தாண்டக் கூடாது, ஸ்லைடரைக் கடைசி மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.